ஃபார்மேட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் பிரவுசர் மக்கர் பண்ணுதா? குற்றவாளி பிரவுசராக இல்லாமலும் போகலாம்!

ராத்திரி மணி பத்து. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள். போனில் ஃபார்மைத் திறந்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்கணும், கையெழுத்து அதைவிடக் குறைவாக இருக்கணும், வருமானச் சான்றிதழ் பிடிஎஃப்பாக இருக்கணும் என்று ஏகப்பட்ட கண்டிஷன். 'இனி வீட்டு கம்ப்யூட்டரே கதி' என்று, ஹாலில் டிவி பக்கத்தில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கும் அந்த மகானை எழுப்புறீங்க. யூபிஎஸ் 'கீ... கீ...' என்று கத்துகிறது. விண்டோஸ் 7 கண் விழிப்பதற்குள் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடித்துவிடலாம். ஒருவழியாக பிரவுசர் திறக்கிறது. உள்ளே சிவப்பு முக்கோணம். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல!'

உடனே என்ன செய்வீங்க? கம்ப்யூட்டர் தெரிந்த நண்பனுக்கு போன். அவனும் தூக்கக் கலக்கத்தில் தீர்ப்பு சொல்லிவிடுவான். "வைரஸ்டா மச்சி. ஃபார்மேட் அடிச்சுடு. அரை மணி நேர வேலை!"

அங்கேயே நில்லுங்க. அந்த அரை மணி நேர வேலையை நானும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

2002லேயே நின்னுபோன வீடு

2009. நான் ஃபைனல் இயர். இன்டர்வியூவுக்கான கடிதம் மெயிலில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர், பானை மாதிரி மானிட்டர். மெயிலைத் திறந்தால் 'இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் பிரச்னை' என்று ஒரு பக்கம் வந்து நின்றது. மற்ற சில தளங்கள் ஒழுங்காகத் திறந்தன. மெயில் மட்டும் அடம்பிடித்தது. வகுப்புத் தோழன் ஒருவன் சிடியோடு வந்தான். 'சுத்தமா துடைச்சுடலாம்' என்று சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் சேர்த்துத் துடைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புது எக்ஸ்பி ஏறியது. மெயிலைத் திறந்தோம். அதே பக்கம்!

மறுநாள் தெரு முனை பிரவுசிங் சென்டர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கீபோர்டைத் தொடக்கூட இல்லை. திரையின் வலது மூலையைக் காட்டி, "ஏன் தம்பி, உங்க வீட்ல இன்னும் 2002தான் நடக்குதா?" என்றார். மதர்போர்டில் இருந்த பட்டன் செல் தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் தேதி ஏழு வருஷம் பின்னால் போயிருந்தது. தேதியை மாற்றினார். மெயில் திறந்தது. புது செல்லின் விலை அன்றைக்கு 25 ரூபாய்.

டி டிரைவில் 2007ல் திருக்கடையூரில் நடந்த எங்கள் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் இருந்தன. இருநூறுக்கும் மேல். கேமரா கார்டை எப்போதோ அழித்து வேறு விசேஷத்துக்குப் பயன்படுத்திவிட்டோம். பிரிண்ட் போட்டது ஒரே ஒரு படம்தான். தாத்தா அப்போதும் திட்டவில்லை. "எல்லாம் கண்ணுக்குள்ள இருக்குடா" என்றார். எனக்குத்தான் இன்னும் இல்லை.

அதனால்தான் இந்தக் கட்டுரை. பிரவுசரில் கோளாறு தெரிகிறது என்றால், அது பிரவுசரில்தான் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு கை வைத்தால் போதும். அதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆர்ட்ஸ் காலேஜ் ஆட்களும் தாராளமா உள்ளே வரலாம்!

அடுத்த வீட்ல கரண்ட் இருக்கா?

வீட்டில் திடீரென்று லைட் அணைந்தால் அப்பா முதலில் என்ன செய்கிறார்? பல்பைக் கழற்றுவதில்லை. வாசலுக்குப் போய், 'அடுத்த வீட்ல கரண்ட் இருக்கா?' என்று எட்டிப் பார்க்கிறார். அங்கேயும் இல்லை என்றால் பிரச்னை தெருவில். அங்கே இருந்தால் நம் ஃபியூஸில். ஃபேன் சுற்றி, லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்பில். ஒவ்வொரு கேள்விக்கும் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைகிறது. கம்ப்யூட்டருக்கும் இதே வாசல்படி ஃபார்முலாதான்.

முதல் கேள்வி: அதே வைஃபையில் போன் வேலை செய்கிறதா? இங்கே கவனம். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்க. இல்லையென்றால் அது சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவி உங்களை ஏமாற்றும். போனிலும் வரவில்லை என்றால் தவறு மோடத்திலோ லைனிலோ. கம்ப்யூட்டரை விட்டுவிடுங்க.

இரண்டாவது: ஒரு தளம் மட்டும் வரவில்லையா, எல்லாமே வரவில்லையா? கடைசி நாள் ராத்திரியில் கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்திருக்கலாம். போனில் டேட்டா வழியாகத் திறந்தும் வரவில்லையென்றால் அனேகமாக அதுதான்.

மூன்றாவது: இன்னொரு பிரவுசரில் வருகிறதா? வந்தால் முதல் பிரவுசர் சந்தேகக் கூண்டில். இரண்டிலும் ஒரே மாதிரி கோளாறு என்றால், இரண்டுக்கும் பொதுவான விண்டோஸ், கடிகாரம், ஆன்டிவைரஸ், நெட்வொர்க் செட்டிங் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

ஆச்சு. மூன்று நிமிஷத்தில் மூன்று கேள்வி. எதையும் அழிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. இனி சந்தேகத்துக்கு உரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம்.

மூலையில் இருக்கும் கடிகாரம்

சிவப்பு முக்கோணம் வந்தால் கண் போக வேண்டிய முதல் இடம், திரையின் வலது கீழ் மூலை. நாள், மாதம், வருஷம் மூன்றையும் பாருங்க. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று குரோம் சில சமயம் தானாகவே சொல்லிவிடும். படிக்காமல் மூடிவிடுவது நாம்தான்.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? உங்க காலேஜ் தரும் போனஃபைட் சர்டிஃபிகேட்டை நினைச்சுக்கோங்க. அதில் பிரின்சிபல் கையெழுத்து இருக்கும், செல்லுபடியாகும் தேதியும் இருக்கும். பூட்டுச் சின்னம் போட்ட ஒவ்வொரு தளமும் இப்படி ஒரு சான்றிதழை உங்கள் பிரவுசரிடம் நீட்டுகிறது. 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நான்தான் நான்' என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. கடிகாரம் 2009 என்கிறது. சான்றிதழ் இந்த வருஷத்தில் ஆரம்பிக்கிறது. 'இன்னும் பிறக்காத சான்றிதழா? போலி!' என்று கதவைச் சாத்திவிடுகிறது. பிரவுசர் தன் கடமையைத்தான் செய்கிறது. பொய் சொன்னது கடிகாரம்.

முன்பெல்லாம் இந்தச் சான்றிதழ்கள் சில வருஷங்களுக்குச் செல்லும். 2020 செப்டம்பரில் புதிதாகத் தருபவற்றுக்கு உச்சவரம்பு 398 நாளாக்கப்பட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் 90 நாள் கணக்கில் பிரபலமானவை. இந்த உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்து 2029ல் 47 நாளாக்க 2025ல் முடிவானது. ஆக, கடிகாரம் வருஷக்கணக்கில் தப்பாக இருக்கணும் என்பதில்லை. சில மாதம் தப்பினாலே போதும், பாதி இணையம் உங்களுக்குக் கதவடைக்கும்.

தேதி ஏன் ஓடிப்போகிறது? மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயம் போல ஒரு வெள்ளி வில்லை இருக்கும். பெயர் சிஆர் 2032, மூன்று வோல்ட் லித்தியம் செல். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை பவர் சப்ளையே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுவோம் இல்லையா? நல்ல பழக்கம்தான். ஆனால் செல் தீர்ந்த கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் தன் பிறந்த காலத்துக்கே போய்விடும்.

தேதியைத் திருத்துங்க. நேர மண்டலப் பட்டியலில் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி' என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்க. பிரவுசரை மூடித் திறங்க. திறந்துவிட்டால் இந்த ராத்திரிக்கு அது போதும். நாளை நிதானமாக செல்லை மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்க. கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, செல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் வில்லை எழும்பி வரும். புதிய செல்லில் கூட்டல் குறி மேலே. மாட்டிய பிறகு பயாஸில் ஒரு முறை தேதியைச் சரிசெய்யுங்க. மாற்றுவதற்கு முன்னால் பயாஸ் திரைகளை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் குழப்பம் வராது.

ரிட்டயர்டு பிரின்சிபல்

தேதி சரி. அப்படியும் சான்றிதழ்ப் பிரச்னை என்கிறதா? அப்போ அடுத்த கேள்வி: கையெழுத்துப் போட்டவர் யார்?

ஸ்காலர்ஷிப் ஆபீஸில் எல்லா காலேஜ் பிரின்சிபல்களின் மாதிரிக் கையெழுத்தும் ஒரு ஃபைலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்க காலேஜுக்குப் புது பிரின்சிபல் வந்துவிட்டார். ஆனால் ஆபீஸில் இருப்பது ரிட்டயர் ஆனவரின் கையெழுத்து. உங்க சர்டிஃபிகேட் அசல்தான், ஆனாலும் தள்ளுபடி. கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர், ரூட் சான்றிதழ்ப் பட்டியல். வருஷக்கணக்கில் அப்டேட் ஆகாத கம்ப்யூட்டரில் அது பழசாகிக் கிடக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று நிஜமாகவே இது நடந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் ஆரம்ப காலத்தில் சார்ந்திருந்த ஒரு பழைய ரூட் சான்றிதழ் அன்றோடு காலாவதியானது. புதிய ரூட் வந்து சேராத பழைய கருவிகளில், அதுவரை ஓடிக்கொண்டிருந்த தளங்கள் திடீரென்று எரர் காட்டின.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி ஃபயர்பாக்ஸ். அது விண்டோஸின் ஃபைலை நம்பியிருப்பதில்லை, தனக்கென்று ஒரு பட்டியலைக் கையோடு கொண்டுவருகிறது. மற்ற பழைய பிரவுசர் மறுக்கும் தளம் ஃபயர்பாக்ஸில் பூட்டுச் சின்னத்தோடு திறந்தால், சந்தேகம் விண்டோஸின் பட்டியல் மேல்தான்.

இன்னொரு ஆளையும் விடாதீங்க. காலாவதியான ஆன்டிவைரஸ்! பாதுகாப்பான பக்கங்களையும் சோதிக்கிறேன் என்று சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் நின்று, தளத்தின் சான்றிதழுக்குப் பதிலாகத் தன் சான்றிதழை நீட்டும். அதன் சொந்த காலம் முடிந்துவிட்டால் வங்கி முதல் மெயில்வரை எல்லாமே 'போலி' என்று தெரியும். அந்த சோதனை வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்க, விடை கிடைத்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எரர் பக்கத்தின் அடியில் 'பரவாயில்லை, தொடரவும்' என்கிற மாதிரி ஒரு சின்ன இணைப்பு இருக்கும். கடைசி நாள் டென்ஷனில் கை அங்கேதான் போகும். போகக் கூடாது! நூற்றில் ஒரு தடவை அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே போலியாக இருந்தால், நீங்க டைப் செய்யும் பாஸ்வேர்டும் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நடுவில் நிற்கிறவன் கைக்குப் போகும்.

நடுவில் நிற்கிற ஆள்

இப்போ வேறு மாதிரி கோளாறு. முக்கோணம் எதுவும் இல்லை. 'ப்ராக்ஸி சர்வர் பதில் தரவில்லை' அல்லது 'முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிறது. போனில் நெட் ஓடுகிறது.

ப்ராக்ஸி என்றால், உங்களுக்காகக் கடைக்குப் போய் வாங்கிவரும் ஆள். ஹாஸ்டலிலும் கம்ப்யூட்டர் லேபிலும் இப்படி ஒரு ஆளை வைத்திருப்பார்கள். லேப்டாப்பில் அங்கே போட்ட செட்டிங்கோடு வீட்டுக்கு வந்தால், இல்லாத ஆளுக்காக பிரவுசர் காத்துக்கொண்டே இருக்கும். வீட்டு கம்ப்யூட்டரில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஏதோ இலவச சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத விருந்தாளி. ஆன்டிவைரஸ் அவனைத் துரத்திவிடும். அவன் மாற்றிய செட்டிங் மட்டும் அப்படியே கிடக்கும். கன்ட்ரோல் பேனல், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போங்க. ப்ராக்ஸி கட்டத்தில் டிக் இருந்து, பக்கத்தில் 127.0.0.1 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஆள் பிடிபட்டான். அது உங்க கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. அதாவது, தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்கிறது! டிக்கை எடுத்துவிடுங்க.

அதுவும் இல்லையென்றால் இணையத்தின் டெலிபோன் டைரக்டரியான டிஎன்எஸ். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பிங்' கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்க. இது கூகுளின் பொது டிஎன்எஸ் எண். பதில் வந்தால் லைன் நலம். பிறகு எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்க. எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டைரக்டரிதான் தொலைந்திருக்கிறது. மோடத்தை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்க. சரியாகவில்லையென்றால் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் எண்ணைக் கையால் கொடுக்கலாம்.

பிரவுசருக்கே ஜுரமா?

ஒரு பிரவுசரில் மட்டும்தான் கோளாறா? இப்போதுதான் அதன் மேல் கை வைக்கும் நேரம். அதுவும் பூப்போல.

குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். நீங்க தனியாக அனுமதி தராதவரை அதில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, பழைய குக்கிகளும் இருக்காது. அங்கே தளம் ஒழுங்காக வந்தால் காரணம் எக்ஸ்டென்ஷன் அல்லது குக்கி. ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி திறந்தால் எக்ஸ்டென்ஷன் இல்லாத சோதனை முறை கிடைக்கும். பிறகு எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்க. மொத்தமாக அழித்தால் குற்றவாளி யார் என்று கடைசிவரை தெரியாது.

பக்கம் முழுக்க வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிற்கிறதா? செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்க. பழைய கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் புதிய பிரவுசருக்கும் மாமியார் மருமகள் உறவு. பிரவுசர் திறந்ததுமே மூடிக்கொள்கிறதா? சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்க. எழுதி வைக்க இடம் இல்லாவிட்டால் அது எப்படி உயிர் வாழும்? ஆமை வேகமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்க. குரோம் 2008ல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்து ஓட்டும் முறையோடுதான் வந்தது. ஒரு டேப் விழுந்தாலும் மற்றவை பிழைக்கும், ஆனால் விலை ரேம். 2 ஜிபி வைத்துக்கொண்டு பத்து டேப் திறந்தால் ஹார்டு டிஸ்க் 'கடகட' என்று அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

வயசு என்று ஒன்று இருக்கிறதே!

சில கோளாறுகளுக்கு மருந்து கிடையாது, காரணம் வயசு. ஃபார்ம் முழுசாகத் தெரிகிறது, ஆனால் 'சமர்ப்பிக்க' பட்டன் அழுத்தினால் சத்தமே இல்லை. கேப்ச்சா வரவேண்டிய இடம் காலி. புதிய தளம் பேசும் மொழி பழைய பிரவுசருக்குப் புரியவில்லை என்பதற்கான அடையாளம் இது.

பாதுகாப்பான இணைப்புக்கும் இப்படி ஒரு மொழி உண்டு. பெயர் டிஎல்எஸ். அதன் 1.0, 1.1 பதிப்புகளை 2020 முதல் முக்கிய பிரவுசர்கள் கைவிட்டன. 2008ல் வந்த 1.2, 2018ல் வந்த 1.3 ஆகியவைதான் இப்போது பேச்சு. எக்ஸ்பியின் கடைசி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரான 8க்கு 1.0தான் தெரியும். நீங்க என்ன செட்டிங் மாற்றினாலும் அது புதுசாகப் பேசப் போவதில்லை.

உங்க கம்ப்யூட்டர் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று பாருங்க. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8ல் முடிந்தது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. எக்ஸ்பிக்கான கடைசி குரோம் 49. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி குரோம் 2023ல் வந்த 109. ஃபயர்பாக்ஸில் எக்ஸ்பிக்கு 52 இஎஸ்ஆர், விண்டோஸ் 7க்கு 115 இஎஸ்ஆர். இந்த 115க்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தம் தரும் கெடுவை மோசில்லா ஒரு முறைக்கு மேல் நீட்டித்தது. ஒரு சின்ன விஷயம், 115.13ஐ விடப் பழசாக வைத்திருந்தால் அப்டேட் செய்துவிடுங்க. பழைய பதிப்புகளுக்குள் இருந்த ஒரு ரூட் சான்றிதழ் 2025 மார்ச் 14ல் காலாவதியாகி, ஆட்ஆன்கள் தகராறு செய்தன.

ஆதரவு முடிந்த விண்டோஸில் படம் பார்க்கலாம், ரெக்கார்டு நோட்டுக்குப் பிரிண்ட் போடலாம். பேங்க் வேலையும் பாஸ்வேர்டும் வேண்டாம்.

பென் டிரைவில் ஒரு மறுபிறவி

அப்போ காயலான் கடைதானா? அவசரப்படாதீங்க. லினக்ஸ் மின்ட் மாதிரி இலவச லினக்ஸ் ஒன்றை நண்பன் கம்ப்யூட்டரிலிருந்து 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழியும், ஜாக்கிரதை. கம்ப்யூட்டர் எழும்போது எஃப்12 அல்லது உங்கள் மாடலுக்கான கீயை அழுத்தி, பென் டிரைவிலிருந்து கிளப்பினால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸ் ஓடும். உள்ளேயே ஃபயர்பாக்ஸ் இருக்கும்.

இதில் இரண்டு லாபம். அங்கே தளம் ஒழுங்காகத் திறந்தால் லைன், ரேம், மதர்போர்டு எல்லாம் நலம், கோளாறு விண்டோஸில்தான் என்று உறுதியாகிவிடும். அதோடு, ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படங்களையும் ஃபைல்களையும் வேறொரு டிரைவுக்கு நகல் எடுத்துவிடலாம். எனக்கு 2009ல் இது தெரிந்திருந்தால்...

பிடித்துப்போய் நிரந்தரமாகவே ஏற்ற நினைத்தால் ப்ராசசர் 64 பிட்டாக இருக்கணும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் கோர் 2 டுயோ மாதிரி ப்ராசசர்கள் 64 பிட்தான். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், 4 இருந்தால் சௌகரியம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம், பயப்படாதீங்க. லினக்ஸ் வழக்கமாக மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம் என்று படிக்கும். அவ்வளவுதான்!

சரி, உங்க ராத்திரிக்கு வருவோம்

மணி இப்போ பத்தேகால். இந்தக் கட்டுரையில் இருக்கிற எல்லாவற்றையும் இன்றே செய்யாதீங்க. ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கோங்க. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். என்ன மாற்றினீங்க, என்ன நடந்தது என்று ஒரு வரி. பலன் இல்லையென்றால் பழையபடியே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்க. நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் ஆச்சு என்று தெரியாது. கெட்டாலும் தெரியாது.

கடிகாரம், வைஃபையில் போன், இன்னொரு பிரவுசர், இன்காக்னிட்டோ. இந்த நாலுக்கும் இருபது நிமிஷம். அதற்குள் வழி பிறக்கவில்லையா? ரிப்பேரை நிறுத்துங்க. போன் பிரவுசரின் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்து ஃபார்மை நிரப்புங்க. அல்லது பக்கத்து வீட்டு அக்காவின் லேப்டாப்பைக் கேளுங்க. கூச்சப்படாதீங்க, விண்ணப்பத்துக்கு நாளையோடு கெடு முடிகிறது. கம்ப்யூட்டருக்கு இல்லை. ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவகாசமாக மகானின் மூடியைத் திறக்கலாம்.

...............................

ஃபார்மேட்டுக்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தேதி, வருஷம், நேர மண்டலம் மூன்றும் சரியா?

2. அதே வைஃபையில் போன் வேலை செய்கிறதா?

3. இன்னொரு பிரவுசரிலும் இதே கோளாறுதானா?

4. ப்ராக்ஸி கட்டத்தில் டிக் இருக்கிறதா?

5. படங்கள், ஃபைல்கள், புக்மார்க்குகள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் வேறு இடத்தில் நகல் இருக்கிறதா? அந்த நகலை ஒரு தடவை திறந்து பார்த்தாச்சா?

ஐந்தாவதுக்கு 'ஆமாம்' என்று சொல்ல முடியாதவரை, எவ்வளவு கெட்டிக்கார நண்பன் வந்தாலும் முறுக்கு மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்க. சிடியை வாங்காதீங்க!